கோட்பாடும் நாட்டு நலனும்: ஈரானின் அயலுறவுக் கொள்கை



தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் மாலை வேளையில் ஒன்று கூடினால், ஊர்ச் செய்திகளுக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவன பெரும்பாலும் மேற்கு ஆசியச் செய்திகளே. அது இயல்பே. வளைகுடா நாடுகளில் பணியாற்றும் தம்பியோ மைத்துனரோ இல்லாத குடும்பங்கள் நம்மில் சிலவே. அங்கே போர் மூண்டால் இங்கே பெட்ரோல் விலை ஏறுகிறது. சமையல் வாயு உருளை நாளைக்கு வருமோ வராதோ என்று இல்லத்தரசியர் கவலையுறுகின்றனர்.

இத்தகைய பேச்சில் ஈரான் என்னும் பெயர் எழும்போது இரண்டு முடிவுகளில் ஒன்று உரைக்கப்படுவதை நாம் கேட்டு வருகிறோம். “அவர்களுக்கு எல்லாம் மதந்தான், வேறு கணக்கே கிடையாது” என்பார் ஒருவர். “மதமெல்லாம் வெறும் வேஷம், உள்ளே இருப்பது எண்ணெயும் அதிகாரமுந்தான்” என்பார் மற்றொருவர். இரண்டும் எளிய விடைகள். 1979-ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட ஈரானின் வரலாற்றை இவ்விரண்டில் எதனாலும் விளக்க இயலாது என்பதே இன்றைய உரையில் நாம் கூற விரும்புவது.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இஸ்லாம் என்னும் சமயம் வேறு. அச்சமயத்தின் பெயரால் அரசு எவ்வாறு அமைய வேண்டும், அயலாரோடு எவ்வாறு உறவாட வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டில் சிலர் வகுத்த அரசியல் கோட்பாடு வேறு. முன்னது பதினான்கு நூற்றாண்டுகளாகப் பல கோடி மக்களின் வாழ்க்கை நெறி. பின்னது நம் பாட்டனார் காலத்தில் தோன்றியது. நாம் ஆராயப் புகுவது பின்னதையே.

1928-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டின் இஸ்மாயிலியா நகரில் ஹஸன் அல் பன்னா என்னும் பள்ளி ஆசிரியர் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைத் தொடங்கினார். 1941-இல் லாகூரில் ஜமாஅத்தே இஸ்லாமி தோன்றியது. அதன் நிறுவனரான மௌதூதி 1903-இல் ஔரங்காபாத் நகரில் பிறந்தவர். இறைமை இறைவனுக்கே உரியது, ஆகவே சட்டமும் அரசும் அவனுடைய ஆணையின்கீழ் அமைய வேண்டும் என்பது அவர் உருது மொழியில் எழுதிய நூல்களின் சாரம். அவை அரபு மொழியில் பெயர்க்கப்பட்டு, எகிப்தியரான சையத் குதுப் என்பவரின் சிந்தனையை வெகுவாகப் பாதித்தன. அவரோ அதனை இன்னும் கடுமையாக்கினார். 1966-ஆம் ஆண்டில் எகிப்திய அரசாங்கம் அவரைத் தூக்கிலிட்டது.

அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இவ்வரலாற்றில் ஒரு செய்தி தனிக் கவனத்திற்குரியதாகத் தோன்றுகிறது. இக்கோட்பாடு உருதுவிலிருந்து அரபுக்கும், அரபிலிருந்து பாரசீகத்திற்கும் மொழிபெயர்ப்பாளர் கைவழியே சென்றது. 1960-களில் குதுப்பின் நூல்களுள் ஒன்றைப் பாரசீகத்தில் பெயர்த்தவர் மஷ்ஹத் நகரைச் சேர்ந்த ஓர் இளம் சமய அறிஞர். வருங்காலம் இச்சமயத்திற்கே உரியது என்று வாதிடும் நூல் அது. அதே இளைஞர் சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு அரபு நூலையும் மொழிபெயர்த்தார். அது நபிகள் நாயகத்தின் பேரரான இமாம் ஹஸன், 661-ஆம் ஆண்டில் முஆவியாவோடு சமாதானம் செய்துகொண்ட வரலாறு. வலிமை குன்றிய நிலையில் விட்டுக்கொடுத்தலும் வீரமே என்று நிறுவும் நூல். அம்மொழிபெயர்ப்பாளரின் பெயர் அலீ காமெனெய். 1981-இல் ஈரானின் ஜனாதிபதியாகவும், 1989-இல் அந்நாட்டின் தலைமைச் சமயத் தலைவராகவும் பொறுப்பேற்றவர் அவரே.

ஒரே கையால் பெயர்க்கப்பட்ட இவ்விரு நூல்களையும் நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அவற்றிற்குத் திரும்பி வருவோம்.

குதுப்பும் மௌதூதியும் சுன்னிப் பிரிவினர். ஈரானிய மக்களிற் பெரும்பாலோர் ஷியாப் பிரிவினர். ஆகவே அங்கே இக்கோட்பாடு தனி வடிவம் பெற்றது. அவ்வடிவத்தை அளித்தவர் ஆயத்துல்லா கொமெய்னி. அவருடைய பாட்டனார் 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தைச் சேர்ந்த கிந்தூர் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டுச் சென்றவர் என்பதை லட்சுமணபுரியில் வாழும் நம்மவர் கேள்விப்பட்டிருக்கலாம். நாடு கடத்தப்பட்டு இராக்கின் நஜஃப் நகரில் வாழ்ந்த கொமெய்னி, 1970-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் மாணவர்க்கு நிகழ்த்திய சொற்பொழிவுகளில், மறைந்துள்ள பன்னிரண்டாம் இமாம் திரும்பும் வரையில் நாட்டை ஆளும் பொறுப்பு சமயச் சட்டம் கற்ற அறிஞனுக்கு உண்டு என்று வாதிட்டார். ஷியா உலகின் மூத்த அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. அதே நஜஃப் நகரில் வாழ்ந்த ஆயத்துல்லா கோய் அவர்களுள் ஒருவர். சமயம் ஒன்றே, அதனின்று பெறப்பட்ட அரசியல் முடிவுகளோ வெவ்வேறு.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. மௌதூதி எழுதி வந்த அதே காலத்தில், தேவபந்து கலாசாலையின் தலைவரான மௌலானா ஹுஸைன் அகமது மதனி, இந்நாட்டின் பல சமயத்தாரும் சேர்ந்து ஒரே தேசத்தவராக வாழ்வது இஸ்லாத்திற்கு முரணன்று என்று 1938-இல் நூல் எழுதினார். இருவரும் கற்ற வேதம் ஒன்றே.

அவ்வாறாயின் ஈரானில் மட்டும் இக்கோட்பாடு அரசாக மலர்ந்தது ஏன்? அந்நாடு அந்நியரால் அடைந்த அவமானங்களே முதற் காரணம். 1907-இல் ரஷியாவும் பிரிட்டனும் ஈரானைத் தம்முள் செல்வாக்கு வட்டங்களாகப் பங்கிட்டுக் கொண்டன. 1941-இல் அவ்விரண்டின் படைகளும் மீண்டும் உட்புகுந்தன. 1951-இல் முஸாதிக் என்னும் பிரதம மந்திரி எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கினார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகளின் துணையோடு அவர் கவிழ்க்கப்பட்டார். 1964-இல் ஈரானில் பணியாற்றும் அமெரிக்கப் படையினர் அந்நாட்டு நீதிமன்றங்களுக்குக் கட்டுப்படார் என்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதனைக் கண்டித்துப் பேசியதற்காகவே கொமெய்னி நவம்பர் 4-ஆம் நாள் நாடு கடத்தப்பட்டார்.

இவையெல்லாம் சமயம் சாராத மனக்குறைகள். முஸாதிக் சமயத் தலைவரும் அல்லர். எனினும் இம்மனக்குறைகளுக்கு மக்கள் உள்ளத்தைத் தொடும் சொற்களைத் தந்தது சமயமே. திருக்குர்ஆனில் வரும் இரண்டு சொற்களை அக்காலத்துச் சிந்தனையாளர் எடுத்து ஆண்டனர். ஒன்று முஸ்தஸ்அஃபீன், மற்றொன்று முஸ்தக்பிரீன். முதற்சொல்லை ‘நலிந்தோர்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் பாதி போய்விடும். ‘நலிவிக்கப்பட்டோர்’ என்பதே சரி. நலிவித்தவன் ஒருவன் உண்டு என்பதை அச்சொல் தன்னுள்ளேயே அடக்கி வைத்திருக்கிறது. அவனைச் சுட்டுவது இரண்டாம் சொல்: ‘தம்மைப் பெரியோராக்கிக் கொண்டு செருக்குற்றோர்’. பழைய சமயச் சொற்கள் இரண்டு, வல்லரசுகளையும் அடிமைப்பட்ட நாடுகளையும் குறிக்கும் அரசியற் சொற்களாயின. டெஹ்ரானின் ஏழைத் தொழிலாளிக்கு ஏகாதிபத்தியம் பற்றிய கொள்கை நூல் விளங்காமற் போகலாம். இவ்விரு சொற்களும் அவனுக்கு உடனே விளங்கின.

1979 பிப்ரவரியில் மன்னராட்சி வீழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் நிறைவேறிய அரசியலமைப்புச் சட்டம் இக்கோட்பாட்டை அயலுறவுக்கு விதியாக்கிற்று. முஸ்லிம்கள் அனைவரும் ஒரே சமூகத்தவர், அவர்களுடைய ஒற்றுமைக்காக அரசு உழைக்க வேண்டும் என்கிறது 11-ஆம் பிரிவு. ஆதிக்கம் செலுத்துவதும் ஆதிக்கத்திற்கு உட்படுவதும் ஆகாது, எல்லா முஸ்லிம்களின் உரிமைகளையும் காக்க வேண்டும், பகைமை பாராட்டாத நாடுகளோடு சமாதான உறவு கொள்ள வேண்டும் என்கிறது 152-ஆம் பிரிவு. எல்லாவற்றிலும் கூர்ந்து படிக்க வேண்டியது 154-ஆம் பிரிவு. பிற நாடுகளின் உள்விவகாரங்களில் தலையிடுவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்று கூறும் அதே வாக்கியத்தில், உலகின் எம்மூலையிலும் நலிவிக்கப்பட்டோர் நடத்தும் நியாயமான போராட்டத்திற்குத் துணை நிற்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. தலையிடாதே, ஆனால் துணை நில். இவ்விரு கட்டளைகளுக்கும் இடைப்பட்ட இடத்திலேதான் ஈரானின் அயலுறவு முழுவதும் நடைபெற்றது எனலாம்.

முதல் சில மாதங்களில் கோட்பாடே மேலோங்கி நின்றது. மன்னர் காலத்தில் டெஹ்ரானில் இயங்கிய இஸ்ரேலியத் தூதுவர் நிலையம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவிற்கு எண்ணெய் விற்பது நிறுத்தப்பட்டது. 1955 முதல் மேற்கு வல்லரசுகளோடு கொண்டிருந்த ராணுவ ஒப்பந்தத்தினின்றும் ஈரான் விலகி, 1979 செப்டம்பரில் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டில் இடம் பெற்றது. ‘கிழக்குமன்று, மேற்குமன்று’ என்பது அந்நாளைய முழக்கம். அணிசேராமையைத் தன் கொள்கையாகக் கொண்ட நம் நாட்டினருக்கு இவற்றிற் பல அந்நியமாகத் தோன்றவில்லை.

பின்னர் நவம்பர் 4-ஆம் நாள், கொமெய்னி நாடு கடத்தப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் நிறைந்த அதே தினத்தில், மாணவர் கூட்டம் ஒன்று அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றியது. 52 பேர் 444 நாட்கள் சிறைப்பட்டிருந்தனர். தூதரைத் தீண்டலாகாது என்பது பண்டைக் காலந்தொட்டு எல்லா நாகரிகங்களும் போற்றி வந்த விதி. இஸ்லாமிய மரபும் அதனைப் போற்றியதே. பிரதம மந்திரி பஸர்கான் பதவி துறந்தார். அமெரிக்காவிலிருந்த ஈரானின் சொத்துக்கள் முடக்கப்பட்டன. நாட்டு நலன் ஒன்றையே கருதும் அரசு இக்காரியத்தை ஆதரித்திராது. 1980 செப்டம்பர் 22-ஆம் நாள் இராக் படையெடுத்து வந்தபோது, ஈரானுக்காகக் குரல் கொடுக்க முன்வந்த நாடுகள் மிகச் சிலவே.

மதமெல்லாம் வேஷம் என்பாருக்கு அப்போரின் வரலாறே மறுமொழி. 1982 மே 24-ஆம் நாள் ஈரானியர் கோரம்ஷஹர் நகரை மீட்டனர். ஜூன் மாதத்தில் இராக் தன் படைகளைப் பின்வாங்கிக் கொண்டது. இழந்த நிலமும் மானமும் திரும்பிவிட்டன. அங்கேயே நின்றுவிடலாமா, எல்லையைக் கடக்கலாமா என்று ஈரானியத் தலைவர்களிடையே விவாதம் நடந்தது. கடப்பது என்ற முடிவே வென்றது. ஜெருசலேமுக்குச் செல்லும் வழி கர்பலா வழியாகவே செல்கிறது என்பது அப்போது எழுந்த முழக்கம். 680-ஆம் ஆண்டில் இமாம் ஹுஸைன் சிறு கூட்டத்தோடு பெரும்படையை எதிர்த்து நின்று வீழ்ந்த களம் கர்பலா. சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலில் முஹர்ரம் நாட்களில் நினைவுகூரப்படும் துயரம் அதுவே. தோல்வியையும் புனிதமாக்கும் நினைவு அது. அந்நினைவைக் கையிலேந்தி நடந்த போர் மேலும் ஆறு ஆண்டுகள் நீடித்தது. இரு தரப்பிலும் பல லட்சம் இளைஞர் மாண்டனர். 1982-இல் இருந்த எல்லைக்கோடே 1988-இலும் எல்லைக்கோடாக இருந்தது.

மதம் ஒன்றே கணக்கு என்பாருக்கும் அப்போரின் முடிவு மறுமொழி கூறுகிறது. போர் நிறுத்தம் கோரும் 598-ஆவது தீர்மானத்தை ஐ. நா. பாதுகாப்பு சபை 1987 ஜூலை 20-ஆம் நாள் நிறைவேற்றிற்று. ஓராண்டு வரையில் ஈரான் அதனை ஏற்கவில்லை. 1988 ஜூலை 3-ஆம் நாள் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரானியப் பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டனர். கருவூலமும் வற்றியிருந்தது. அம்மாதத்திலேயே கொமெய்னி தீர்மானத்தை ஏற்றார். அது நஞ்சு நிறைந்த கிண்ணத்தை அருந்துவதற்கு ஒப்பானது என்று அவரே தம் மக்களுக்கு அறிவித்தார். கோட்பாட்டை வகுத்தவரே, நாடு அழியாதிருக்க வேண்டி அதனை விழுங்கினார்.

அவ்வாண்டின் ஜனவரி மாதத்தில் அவர் எழுதிய கடிதம் ஒன்று உலகின் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. எனினும் நம் பொருளுக்கு இன்றியமையாதது. இஸ்லாமிய அரசைக் காப்பதே தலையாய கடமை, தேவையாயின் அதற்காகத் தொழுகை, நோன்பு, ஹஜ் போன்ற கடமைகளையுங்கூட அரசு தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம் என்பது அதன் கருத்து. அடுத்த மாதமே இதற்கென ஒரு சபை நிறுவப்பட்டது. அதன் பெயரில் உள்ள ‘மஸ்லஹத்’ என்னும் சொல்லுக்கு நலன், காலத்திற்கு ஏற்றது என்று பொருள் கூறலாம். நாட்டு நலன் என்பது கோட்பாட்டிற்கு வெளியிலிருந்து வந்து அதனைத் தோற்கடிக்கவில்லை. கோட்பாட்டின் உள்ளேயே அதற்கு ஆசனம் போடப்பட்டது. இதனைக் கண்டுகொண்டால், பிற்காலத்துச் செய்கைகளிற் பல புதிராகத் தோன்றா.

சில உதாரணங்களைக் காண்போம். 1982 பிப்ரவரியில் சிரிய அரசாங்கம் ஹமா நகரில் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தினரைக் கொன்று குவித்தது. குதுப் சார்ந்திருந்த இயக்கத்தின் கிளையே அது. ஆயினும் இராக்கின் பகைவனான சிரியாவோடு ஈரான் தன் உறவை முறித்துக் கொள்ளவில்லை. இஸ்ரேல் இருத்தலே தகாது என்று முழங்கிய அதே ஆண்டுகளில், போர்க்கருவிகள் இஸ்ரேலின் வழியாகவும் ஈரானுக்கு வந்து சேர்ந்தன. 1986 நவம்பரில் அச்செய்தி வெளிப்பட்டு அமெரிக்க அரசாங்கத்தையே உலுக்கிற்று. 1971-இல் மன்னர் கைப்பற்றிய வளைகுடாத் தீவுகள் மூன்றையும், முஸ்லிம்கள் யாவரும் ஒரே சமூகம் என்று கூறிய புதிய அரசு அரபு அண்டை நாட்டாருக்குத் திருப்பித் தரவில்லை.

ஆர்மேனியாவும் அசர்பைஜானும் 1990-களின் தொடக்கத்தில் போரிட்டன. முன்னது கிறிஸ்தவ நாடு. பின்னதில் ஷியா முஸ்லிம்களே பெரும்பான்மையினர். கோட்பாட்டின்படி ஈரானின் ஆதரவு யாருக்கு என்பதில் ஐயமே எழலாகாது. ஆனால் ஈரானின் வடமேற்கில் தப்ரீஸ் முதலிய நகரங்களில் அசர்பைஜானிய மொழி பேசுவோர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். எல்லைக்கு அப்பால் வலிமை மிக்க அசர்பைஜான் அமைந்தால், அவர்களுடைய பற்று அதன்பாற் செல்லுமோ என்னும் அச்சம் டெஹ்ரானுக்கு இருந்தது. ஆகவே ஆர்மேனியாவிற்கு வர்த்தக வழியைத் திறந்து வைத்தது ஈரானே. 1999-இல் ரஷியா செச்சன்ய முஸ்லிம்கள்மீது போர் தொடுத்தபோது, இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் தலைமைப் பதவி ஈரானிடமே இருந்தது. அது ரஷியாவின் உள்விவகாரம் என்று ஈரான் கருதிற்று. 154-ஆம் பிரிவின் இரு பாதிகளில் எதனை அன்று எடுத்துக் கொண்டனர் என்பதை நேயர்களே அறிவீர்கள்.

நம் நாட்டைத் தொட்ட நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 1994 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ. நா. மனித உரிமைக் கமிஷனில், காஷ்மீர் பற்றி இந்தியாவைக் கண்டிக்கும் தீர்மானத்தைப் பாக்கிஸ்தான் கொண்டு வந்தது. உடல் நலம் குன்றியிருந்த நம் வெளிநாட்டு மந்திரி தினேஷ் சிங் அதன் பொருட்டு டெஹ்ரான் சென்று வந்தார். முடிவில் ஈரானும் சீனாவும் வற்புறுத்தியதன் பேரில், அத்தீர்மானம் வாக்கெடுப்புக்கு வராமலே கைவிடப்பட்டது. பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது கடுமையாகக் கண்டித்த அரசும் அதுவே. சென்னைக்கு அருகில் மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். 1965-இல் இந்திய அரசாங்கமும் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் கூட்டாக நிறுவியது அது. டெஹ்ரானில் மன்னர் போனார். சமயத் தலைவர்கள் வந்தனர். அமெரிக்கக் கம்பெனி விலகிற்று. மணலியில் ஈரானின் பங்கு மட்டும் அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது.

இவ்வளவும் கேட்ட பின், “அப்படியானால் மதம் வேஷம் என்றவர் கூறியது சரிதானே” என்று சிலர் எண்ணக்கூடும். அன்று. நாட்டு நலன் ஒன்றே வழிகாட்டியாயின், தன் எல்லையைத் தொடாத இஸ்ரேலோடு தலைமுறை கடந்த பகையை ஈரான் வளர்த்திராது. 1982-இல் லெபனானுக்குத் தன் காவற்படையை அனுப்பி ஹிஸ்புல்லா இயக்கத்தை உருவாக்கத் துணை நின்றிராது. அதன் பொருட்டுப் பொருளாதாரத் தடைகளை ஆண்டுக்கணக்கில் தன் மக்கள் தலைமேற் சுமத்திக் கொண்டிராது. நட்பு யாரோடு என்பதைத் தேவை பலமுறை மாற்றியது. முதற்பகைவர் யார் என்பதை மட்டும் கோட்பாடே நிலைநிறுத்தி வைத்திருந்தது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளோர் மறக்க முடியாத சான்று ஒன்றும் இருக்கிறது. 1989 பிப்ரவரி 14-ஆம் நாள், மும்பையில் பிறந்த எழுத்தாளர் சல்மான் ருஷ்தீ எழுதிய நாவல் ஒன்றிற்காக அவரைக் கொல்ல வேண்டும் என்று கொமெய்னி தீர்ப்புரைத்தார். போரினால் நொந்திருந்த ஈரான் அப்போதுதான் ஐரோப்பாவோடு உறவைச் சீர்செய்யத் தொடங்கியிருந்தது. ஐரோப்பிய சமூகத்தின் 12 நாடுகளும் தம் தூதுவரைத் திரும்ப அழைத்தன. வேற்று நாட்டுக் குடிமகன் ஒருவனுக்கு மற்றொரு நாட்டின் தலைவர் மரண தண்டனை விதிப்பது எந்தச் சர்வதேச விதியிலும் அடங்காது. 1991 ஜூலையில், அந்நாவலை ஜப்பானிய மொழியில் பெயர்த்த பேராசிரியர் ஹிதோஷி இகாரஷி பல்கலைக் கழகக் கட்டடத்திலேயே கத்திக்குத்துண்டு இறந்தார். செய்தவர் எவர் என்பது கடைசிவரை நிறுவப்படவில்லை. அவர் ஈரானில் தங்கிப் பயின்றவர். இப்னு ஸீனாவின் மருத்துவ நூலை ஜப்பானியருக்கு அறிமுகம் செய்தவர். இஸ்லாமிய அறிவை நேசித்தவர். பிறர் கருத்தை மற்றொரு மொழியில் எடுத்துரைப்பதே நம் தொழில். அக்கருத்து நம்முடையதாக இருக்க வேண்டுமென்பதில்லை. அத்தொழிலுக்காக ஒருவர் உயிர் நீத்தார் என்பதை எண்ணும்போது, கோட்பாடு வெறும் சொல் என்று நம்மால் கூற இயலவில்லை.

1998-இல் காத்தமி ஜனாதிபதியாக இருந்தபோது, அத்தீர்ப்பை நிறைவேற்ற அரசு எதுவும் செய்யாது என்று ஈரானிய வெளிநாட்டு மந்திரி அறிவித்தார். பிரிட்டனோடு உறவு சீர்பட்டது. தீர்ப்போ விலக்கிக் கொள்ளப்படவில்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு மேடையில் ருஷ்தீ தாக்கப்பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அமைச்சகம் ஒரு குரலிலும் சமயத் தலைமை மற்றொரு குரலிலும் பேசும் அமைப்பில், எக்குரல் இறுதியானது என்று அயலார் எக்காலமும் ஐயுற்றே நின்றனர். ஈரான் கையொப்பமிட்ட உடன்படிக்கைகளின் மதிப்பை இவ்வையமே குறைத்தது. கோட்பாட்டிற்காக அந்நாடு கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று.

இனி அவ்விரு நூல்களுக்குத் திரும்புவோம். 2013 செப்டம்பரில், அணுசக்தி பற்றி அமெரிக்கா முதலிய நாடுகளோடு பேசலாமா கூடாதா என்ற வினா எழுந்தபோது, காமெனெய் ஒரு சொற்றொடரை ஆண்டார். ‘வீரம் பொருந்திய வளைந்து கொடுத்தல்’ என்று அதனைத் தமிழாக்கலாம். அது புதிய சொற்றொடரன்று. இளமையில் தாம் மொழிபெயர்த்த இமாம் ஹஸன் வரலாற்றிற்கு அவரே இட்ட துணைத் தலைப்பில் அச்சொற்கள் இருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அலமாரியில் இருந்த நூல் திறக்கப்பட்டது. 2015 ஜூலை 14-ஆம் நாள் உடன்பாடு எட்டப்பட்டது. 2018 மே மாதத்தில் அமெரிக்கா அதனின்று விலகிக் கொண்டபோது, வளைந்து கொடுத்தலால் யாது பயன் என்று கேட்டோரின் குரல் டெஹ்ரானில் உயர்ந்தது. மற்றைய நூல் கையிலெடுக்கப்பட்டது. 2025 ஜூன் மாதத்தில் இஸ்ரேலோடு பன்னிரண்டு நாட்கள் நேருக்கு நேர் போர் நடந்தது.

இதனால் நாம் பெறும் முடிவு யாது? சமய அரசியற் கோட்பாடு ஒரு நாட்டின் அயலுறவை எந்திரம்போல இயக்குவதில்லை. அது சில கதவுகளை அடைக்கிறது, சிலவற்றைத் திறக்கிறது, ஒவ்வொன்றிற்கும் ஒரு விலையையும் குறிக்கிறது. ஹுஸைனின் போரும் ஹஸனின் சமாதானமும் ஒரே மரபில் உள்ளவை. எதனை எடுப்பது என்பதை நிர்ணயிப்பவை காலமும் வலிமையும், எதிரில் நிற்பவர் நடந்துகொள்ளும் முறையுமே. ஆதலின் “இவர்கள் ஒருபோதும் வளையார்” என்று கூறி எல்லா வாயில்களையும் அடைப்பவரும் பிழை செய்கின்றனர்; “எல்லாம் விலைக்கு வரும்” என்று நம்பி எச்சரிக்கையின்றி இருப்பவரும் பிழை செய்கின்றனர்.

இறுதியாக, வெளி மாநிலங்களில் வாழும் நமக்குரிய ஒரு வார்த்தை. ஐதராபாத்திலும் மும்பையிலும் இரானிக் கடைத் தேநீரை அருந்தாதவர் நம்மில் யார்? அடுத்த வீட்டில் முஹர்ரம் துக்கம் காக்கும் குடும்பத்தையோ, ரமலான் மாலையில் நமக்கும் ஒரு கிண்ணம் அனுப்பும் அண்டை வீட்டாரையோ, டெஹ்ரானில் ஓர் அரசு எடுத்த முடிவுக்காகச் சந்தேகக் கண்ணோடு நோக்குவது அறிவுடைமையாகாது. ஷியா அறிஞருக்குள்ளேயே அக்கோட்பாட்டை மறுத்தவர் பலர்; நம் நாட்டு முஸ்லிம் பெரியோர் அதற்கு நேர்மாறான முடிவை எழுதி வைத்தனர் என்பதையும் கண்டோம். வேற்று மொழி பேசுவோரிடையே நாமும் சிறுபான்மையினராக வாழ்கிறோம். எங்கோ சிலர் செய்த காரியத்திற்காகத் தமிழர் அனைவரையும் ஒரே கண்ணால் நோக்கிய அனுபவம் நம்மிற் சிலருக்கு உண்டு. அது எவ்வளவு வருந்தத்தக்கது என்பதை அறிந்த நாம், அதனைப் பிறருக்குச் செய்யாதிருப்போம்.

அரசுகளின் செய்கைகளைச் செய்கைகளாகவே ஆராய்வோம். அண்டை வீட்டாரை அண்டை வீட்டாராகவே மதிப்போம்.